களம் விட்டு இறங்கிய பின்

(மதுரையில் உடற்கல்வி ஆசிரியர்களும் கபடி வீரர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உடம்பையே முதலாகப் போட்டுத் தொழில் செய்யும் ஓர் ஆட்டக்காரருக்கு, ஆட்டம் முடிந்த பிறகு யார் பொறுப்பு? இந்த ஒரு கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன். கேள்வி நம்முடைய கபடியைப் பற்றியது. விடையின் ஒரு பகுதி அமெரிக்காவில், நாம் அதிகம் பார்க்காத ஓர் ஆட்டத்தில் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் தஞ்சை மாவட்டத்துக்குப் போவோம்.

தர்மராஜ் சேரலாதன். இந்த அரங்கில் இருக்கும் ஒவ்வொரு கார்னர் ஆட்டக்காரரும் இந்தப் பெயரைக் கேட்டால் எழுந்து நிற்க வேண்டும் என்பேன். 1975-இல் பிறந்தவர். புரோ கபடி லீக் தொடங்கிய 2014 ஜூலையில் அவருக்கு வயது 39. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் அந்த வயதில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டுத் திண்ணையில் இருப்பார்கள். அவருக்கு அங்கேதான் இரண்டாவது வாழ்க்கை தொடங்கியது. 2016-இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வென்றார். அப்போது வயது 41. அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2019-இல், 44 வயதில், ஹரியானா ஸ்டீலர்ஸ் அணியின் தலைவர். அரியானாவிலும் மராத்தியத்திலும் பிறந்த, தமிழே தெரியாத பையன்கள் அவரை ‘அண்ணா’ என்று கூப்பிட்டார்கள். அவர்களில் பலர் அவருடைய வயதில் பாதியைக்கூடத் தாண்டாதவர்கள்.

எப்படி அத்தனை காலம் நின்றார்? அவர் நின்ற இடம் ஒரு காரணம். ரைட் கார்னரில் நிற்பவருக்கு வேகத்தைவிடக் கண் முக்கியம். ரெய்டுக்கு வருகிறவர் கையை ஒரு பக்கம் நீட்டுவார், தோளை ஒரு பக்கம் சாய்ப்பார். இரண்டையும் நம்பக் கூடாது. காலைத்தான் பார்க்க வேண்டும். போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை வைக்கும்போது அவருடைய பின்னங்கால் அந்தரத்தில் இருந்தாக வேண்டும், அப்போதுதான் போனஸ் புள்ளி. ஆக, அந்த ஒரு நொடி அவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். கார்னர் பாய வேண்டியது அந்த நொடியில்தான். முந்தினால் தொட்டுவிட்டுப் போய்விடுவார். பிந்தினால் கோட்டைப் பிடித்துவிடுவார். கணுக்காலில் விழும் கை நழுவாமல் இருக்க வேண்டும், முகத்தில் உதை விழுந்தாலும் விடக் கூடாது. பத்து வருடம் ஆடினால்தான் இந்தக் கண் வரும். வயது ஏற ஏறக் கூர்மையாகும் திறமை அது. உடம்பு அதற்கு ஈடுகொடுக்குமா என்பதுதான் சிக்கல்.

கணுக்காலைப் பிடித்தது கார்னர். ஆனால் ரெய்டரைக் கோட்டுக்குப் போகவிடாமல் மடக்கியது, ஓடிவந்து மோதிய கவர். தொடையைக் கட்டிய இன்னொருவர். கைகோத்து நின்ற செயின். நான்கு பேர் சேர்ந்து வீழ்த்திய ரெய்டுக்குக் கணக்கில் ஒருவர் பெயரில்தான் டேக்கிள் புள்ளி ஏறும். தொலைக்காட்சியில் அவருடைய எண் ஒளிரும், ஏலத்தில் அந்த எண் விலையாகும். மற்ற மூவரின் விலா எலும்பு வாங்கிய அடி எந்தக் கணக்கிலும் வராது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இப்போது அமெரிக்காவுக்குப் போகலாம்.

அமெரிக்கக் கால்பந்து என்று பெயர், ஆனால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் ஆட்டம். பக்கத்துக்குப் பதினொரு பேர். நடுவில் ஒரு வரிசை, பாறைபோல் உடம்பு கொண்டவர்கள் எதிரெதிராக மோதிக்கொள்வார்கள். பின்னாலிருந்து ஒருவர் பந்தை வீசுவார், வெளியே ஓடும் மெலிந்த வேகக்காரர்கள் அதைப் பிடிப்பார்கள். அந்த வரிசையின் ஓரத்தில், மோதுகிறவர்களை ஒட்டியே ஒருவர் நிற்பார். அவருக்கு டைட் எண்ட் என்று பெயர். அவருக்கு இரண்டு வேலை. ஒரு முறை அவர் வரிசையோடு சேர்ந்து எதிராளியை முட்டித் தடுக்க வேண்டும், பந்தோடு ஓடும் தோழருக்கு வழி கிடைக்க. அடுத்த முறை அதே ஆள் கூட்டத்தை உடைத்துக்கொண்டு ஓடி, மேலே வரும் பந்தைப் பிடித்து, பிடித்த மறுநொடி இரண்டு மூன்று பேரின் மோதலை வாங்க வேண்டும். பிடித்த பந்துக்கு எண்ணிக்கை உண்டு. தடுத்த தடுப்புக்கு ஆட்டப் பதிவில் எண் கிடையாது. நம் கவர் ஆட்டக்காரரின் நிலைதான்.

பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் வழியாக நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் பெயர் தெரிந்துவிட்ட டிராவிஸ் கெல்சி இந்த இடத்தில் ஆடுபவர்தான். டோனி கோன்சாலஸ் என்பவர் 1997 முதல் 2013 வரை 17 பருவங்கள் இந்த இடத்தில் ஆடினார், தவறவிட்ட ஆட்டங்கள் இரண்டே இரண்டு. அவரை அங்கத்துச் சேரலாதன் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் இவர்கள் விதிவிலக்குகள். இந்த ஆட்டத்தின் அமெரிக்க லீகில் ஓர் ஆட்டக்காரரின் சராசரி ஆட்ட ஆயுள் மூன்று ஆண்டு சொச்சம்தான் என்று அங்குள்ள வீரர் சங்கமே சொல்லிவருகிறது. இந்த ஆட்டத்தை நம் பக்கம் கொண்டுவரும் முயற்சியும் நடந்தது. 2012-இல் எலீட் ஃபுட்பால் லீக் என்று ஒன்று, சென்னை ஸ்வார்ம் என்ற பெயரில் ஓர் அணி, கொழும்பிலும் ஆட்டங்கள். டைட் எண்டாக ஆடி அந்த இடத்துக்கே முதன்முதலில் புகழ் மண்டபப் பெருமை வாங்கித் தந்த மைக் டிட்காவும் அதற்குப் பணம் போட்டவர்களில் ஒருவர். ஆட்டம் இங்கே வேர் பிடிக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை, நம்மிடம் கபடி இருக்கிறது.

நான் சொல்ல வந்த மனிதர் வேறொருவர். ஜான் மேக்கி. 1963-இல் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியில் சேர்ந்தார். டைட் எண்ட் என்றால் தடுப்பதற்கு மட்டும் என்று பலர் நினைத்திருந்த காலத்தில், பந்தைப் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் ஓடிக் காட்டியவர். 1971 ஜனவரியில் நடந்த சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில் அவர் பிடித்து ஓடிய 75 கெஜம் இன்றும் பேசப்படுகிறது. 1992-இல் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது.

அவரை நான் வணங்குவது அந்த ஓட்டத்துக்காக இல்லை. 1970-இல் வீரர் சங்கத்தின் தலைவரானார். ஒரு வீரரின் ஒப்பந்தம் முடிந்தாலும், அவரை எடுக்கும் புது அணி பழைய அணிக்கு ஈடு கொடுக்க வேண்டும், அந்த ஈடு என்ன என்பதை லீகின் தலைவர் தீர்மானிப்பார் என்று ஒரு விதி இருந்தது. என்ன கேட்பார்களோ என்ற பயத்தில் யாரும் வேறு அணியின் ஆட்டக்காரரைத் தொடமாட்டார்கள். ஆட்டக்காரர் சொன்ன விலைக்கு, சொன்ன இடத்தில் கிடக்க வேண்டியதுதான். மேக்கி தன் பெயரிலேயே வழக்குப் போட்டார். 1976-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த விதி சட்டத்துக்குப் புறம்பானது என்றது. அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்த பிறகு வந்த தீர்ப்பு அது. அது தந்த சுதந்திரத்தைப் பயன்படுத்த அவர் அப்போது களத்தில் இல்லை. பின்னால் வந்தவர்கள் கோடிகளில் சம்பாதித்தார்கள்.

பிறகு அவருக்கு மறதி நோய் வந்தது. மூளையின் முன்பகுதி சுருங்கிப்போகும் வகை. மனைவி சில்வியா குடும்பத்தைக் காப்பாற்ற விமானப் பணிப்பெண் வேலைக்குப் போனார். லீக் தந்த ஓய்வூதியம் பராமரிப்புச் செலவுக்குப் போதவில்லை. அந்த அம்மையார் லீகின் ஆணையருக்கு ஒரு கடிதம் எழுதினார், கணவர் நாளுக்கு நாள் எப்படித் தன்னை இழந்துகொண்டிருக்கிறார் என்று. 2007-இல் லீகும் சங்கமும் சேர்ந்து மறதி நோய் வந்த முன்னாள் ஆட்டக்காரர்களுக்காக ஒரு திட்டம் கொண்டுவந்தன. மேக்கியின் சட்டை எண் 88. திட்டத்தின் பெயரும் 88. பராமரிப்பு இல்லத்தில் வைத்துப் பார்க்க ஆண்டுக்கு 88,000 டாலர் வரை. அந்தத் திட்டத்தால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. 2011-இல் 69 வயதில் மேக்கி இறந்தார். மூளையைப் பரிசோதித்தபோது, திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டதால் வரும் சிதைவு இருந்தது தெரிந்தது.

தடுப்புக்கு எண் கிடையாது என்று சொன்னேனே, அந்த எண்ணில் வராத மோதல்களெல்லாம் அவர் மூளையில் பதிவாகியிருந்தன.

இப்போது ஊருக்குத் திரும்புவோம். கபடியில் தலையில் படும் அடி அந்த அளவுக்கு இல்லை. நம்முடைய நோய் முழங்காலில். ‘ஜவ்வு கிழிஞ்சிருச்சு’ என்ற சொல்லைக் கேட்காத கபடிக் குழு இந்த மாவட்டத்தில் இருக்காது. ரெய்டர் ஒரு பக்கம் திரும்ப, உடம்பைப் பிடித்தவர்கள் மறுபக்கம் இழுக்க, ஊன்றிய கால் மண்ணில் நிற்க, நடுவில் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். 2022 பருவத்தில் தமிழ் தலைவாஸ் அணி பவன் ஷெராவத்தை 2.26 கோடி கொடுத்து வாங்கியது. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய், தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். அந்தப் பருவம் முழுக்க அவர் ஆடவில்லை. நல்ல மருத்துவர்கள் கிடைத்தார்கள், தேறினார், அடுத்த பருவத்தில் அதைவிட அதிக விலைக்கு வேறு அணி எடுத்தது. இரண்டு கோடி ரூபாய் முழங்காலுக்கு அறுவை சிகிச்சையும் ஆறேழு மாதப் பயிற்சியும் உண்டு. திருமங்கலம் பக்கத்துப் பையனின் முழங்காலுக்கு என்ன உண்டு? ஒரு கிரேப் பேண்டேஜ், ஒரு புத்தூர் கட்டு, வலி அடங்கியதும் மறுபடி ஆட்டம். மூன்றாவது முறை விழும்போதுதான் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறான். அதற்குள் குருத்தெலும்பும் தேய்ந்துபோயிருக்கும்.

புரோ கபடி லீகில் பணம் ஏறியிருக்கிறது, மறுக்கவில்லை. 2014 ஏலத்தில் அதிக விலைபோன ராகேஷ் குமாருக்குக் கிடைத்தது 12.80 லட்சம். 2018-இல் ஈரானின் லெப்ட் கார்னர் ஃபசல் அத்ராச்சலிக்கு ஒரு கோடி கிடைத்தது. பிடிப்பவருக்கும் கோடி உண்டு என்று காட்டிய நாள் அது, எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் லீகில் இருப்பது பன்னிரண்டு அணிகள். இந்தத் தென்மாவட்டங்களில் மட்டும் எத்தனை குழுக்கள் என்று உங்களுக்கே தெரியும். சட்டையில் ஊர்ப் பெயரும் விளம்பரம் தந்த கடைக்காரர் பெயரும் போட்டுக்கொண்டு, ஒரே வேனில் பத்துப் பேர் ஏறி, நுழைவுக் கட்டணம் கட்டி, விடிய விடிய ஆடி, சுழற்கோப்பையோடும் சில ஆயிரங்களோடும் திரும்புகிறவர்கள். இவர்களும் தொழில்முறை ஆட்டக்காரர்கள்தான் என்பது என் கருத்து. உடம்பை விற்று வரும் வருமானம் அது, சிறியதாக இருந்தாலும்.

அவர்களுடைய இலக்கு லீக் ஏலமும் இல்லை. வேலை. மணத்தி கணேசன் தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்து, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று, 1995-க்கான அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையின் தூண்டுதலில் மாரி செல்வராஜ் ‘பைசன்’ எடுத்த பிறகு இளைஞர்களுக்கு அவரைத் தெரியும். அவரைப் போன்ற தலைமுறைக்கு மின்வாரியமும் ரயில்வேயும் வங்கிகளும் வேலை கொடுத்து அணி நடத்தியதுதான் வாழ்வு. காலையில் பயிற்சி, பகலில் அலுவலகம், மாதம் பிறந்தால் சம்பளம், ஆட முடியாத வயதிலும் நாற்காலி, கடைசியில் ஓய்வூதியம். நிறுவன அணி என்ற அந்த ஏற்பாட்டை நாம் சாதாரணமாக எண்ணிவிட்டோம். மேக்கிக்கு ஆட்டம் முடிந்ததும் கிடைக்காத பாதுகாப்பு அது. இன்று அந்த அணிகள் சுருங்கிக்கொண்டு வருகின்றன. தமிழ்நாட்டு அரசு வேலைகளில் 3 சதவீதம் விளையாட்டு வீரர்களுக்கு உண்டு. நல்லது, ஆனால் அது தேசிய, சர்வதேச அளவில் சாதித்தவர்களுக்குத்தான் எட்டும். நலிந்த முன்னாள் வீரர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு, அதற்கும் அதே அளவுகோல். மாநிலத்துக்கு ஆடாமல், மாவட்டத்தோடு நின்று, பதினைந்து வருடம் ஊர் ஊராக ஆடி முழங்காலை இழந்தவர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

பெண்களின் நிலை இதைவிடக் கடினம். 2016-இல் ஆண்கள் லீகோடு சேர்த்து மூன்று பெண்கள் அணிகளை வைத்து ஒரு சிறு போட்டி நடத்தினார்கள், அதோடு சரி. ஆண்களுக்கு இணையான லீக் இன்றுவரை அவர்களுக்கு இல்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா தங்கம் வென்று வந்தார், வடுவூர் அபினேஷும் ஆண்கள் அணியில் தங்கம் வென்றார். அரசு இருவருக்கும் ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது. அபினேஷுக்கு முன்னால் ஏலம் இருக்கிறது. கார்த்திகாவுக்கு முன்னால் வேலை ஒன்றுதான் இருக்கிறது. இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் தங்கைகள் கல்லூரி முடித்ததும் ஆட்டத்தை விட்டுவிடுவதற்கு வீட்டார் மட்டும் காரணம் என்று சொல்லித் தப்பித்துவிட முடியாது.

சரி, மதுரை என்ன செய்ய முடியும்? அமெரிக்க லீகிடம் இருக்கும் பணம் நம்மிடம் இல்லை என்பார்கள். பணத்தைவிட முக்கியமான ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதை நாம் செய்தும் காட்டியிருக்கிறோம். அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் பொங்கலுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். மாடுபிடி வீரர் முன்கூட்டிப் பதிவு செய்கிறார். களத்தில் இறங்குமுன் மருத்துவர் உடலைச் சோதிக்கிறார், தகுதியில்லை என்றால் திருப்பி அனுப்புகிறார். எண் போட்ட சட்டை. பக்கத்தில் மருத்துவக் குழு, ஆம்புலன்ஸ், தேவைப்பட்டால் பெரியாஸ்பத்திரியில் தயாராகக் கட்டில். காளைக்கும் கால்நடை மருத்துவர் உண்டு. இது எல்லாம் தானாக வந்ததில்லை. நீதிமன்றம், தடை, மெரினாவிலும் தமுக்கத்திலும் திரண்ட கூட்டம், 2017 சட்டம் என்று பெரிய போராட்டத்துக்குப் பிறகு வந்த ஒழுங்கு.

அதே பொங்கல் வாரத்தில், அதே சுற்றுவட்டாரத்தில், கபடிப் போட்டியும் நடக்கிறது. அங்கே ஆடும் பையனை எந்த மருத்துவர் பார்க்கிறார்? 2022 ஜூலையில் கடலூர் மாவட்டத்தில் ஓர் இளைஞர் ரெய்டுக்குப் போய், பிடிபட்டு விழுந்தவர் எழவே இல்லை. அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் செல்பேசியில் பார்த்தீர்கள். ஒரு வாரம் பேசினோம். பிறகு அடுத்த ஊரின் போட்டி நோட்டீஸ் வந்தது, போய்விட்டோம்.

ஆகவே என் வேண்டுகோள் முதலில் போட்டி நடத்தும் விழாக் குழுவினருக்கு. ஒலிபெருக்கிக்கும் மின்விளக்குக்கும் சுவரொட்டிக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஒரு ஆம்புலன்ஸுக்கும் ஆட்டக்காரர்களின் ஒருநாள் விபத்துக் காப்பீட்டுக்கும் ஒதுக்குங்கள். களத்து மண்ணில் கல் இருக்கிறதா என்று முதல்நாளே சல்லடை போட்டுப் பாருங்கள். பரிசுத் தொகையை ஐயாயிரம் குறைத்தால் யாரும் உங்கள் போட்டிக்கு வராமல் போக மாட்டார்கள்.

இரண்டாவது, மாவட்ட நிர்வாகத்துக்கு. ஜல்லிக்கட்டுக்கு இருப்பதுபோல, ஊர்க் கபடிப் போட்டிக்கும் அனுமதியோடு மருத்துவ நிபந்தனையையும் சேர்த்து எழுதுங்கள். உலக இளையோர் ஹாக்கிக்காக ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் புதுத் தளம் போட்டுக் காட்டிய நகரம் இது. 2025-இல் வெளிநாட்டு அணிகள் வந்து ஆடின, அவர்களுக்கு மருத்துவமும் பிசியோதெரபியும் குறைவில்லாமல் ஏற்பாடு செய்தோம். வாடிப்பட்டிப் பையனுக்கும் அதில் கால்வாசியாவது செய்ய வேண்டும்.

மூன்றாவது உங்களுக்கு, உடற்கல்வி ஆசிரியர்களே. இதற்கு அரசாணை வேண்டாம், பணமும் வேண்டாம். உங்களிடம் ஆடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்தத் தேதியில் எந்த மூட்டில் அடிபட்டது, எத்தனை நாள் ஓய்வெடுத்தான், யார் வைத்தியம் பார்த்தது, எப்போது மறுபடி களத்துக்கு வந்தான் என்று எழுதுங்கள். கவரில் நின்று மோதியவன் பெயரையும் எழுதுங்கள், புள்ளி அவன் கணக்கில் ஏறாவிட்டாலும். நாளை ஒரு சங்கமோ ஒரு நல வாரியமோ அமைக்க நாம் அரசிடம் போனால், அதிகாரி முதலில் கேட்பது ஆதாரத்தைத்தான். எத்தனை பேருக்கு என்ன காயம் என்று கேட்பார். இன்றைக்கு அந்தக் கேள்விக்கு இந்த மாவட்டத்தில் யாரிடமும் பதில் இல்லை. வரும் தை மாதப் போட்டிகளிலிருந்து எழுதத் தொடங்கினால், அடுத்த தைக்குள் ஒரு வருடக் கணக்கு கையில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு நாம் சேர்ந்தே போவோம். வருகிறவர்கள் இன்று இந்த அரங்கத்தை விட்டுப் போகுமுன் தங்கள் பெயரையும் பள்ளியின் பெயரையும் வாசலில் இருக்கும் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.